கிணற்றில் விழுந்தவரும் பேருந்தில் ஏறியவரும்

முதுகலையில் தத்துவம் எடுத்திருக்கிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவில் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. எதிர்க்கும் அளவுக்கு அது என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா மட்டும், "அதுல என்ன கண்ணு சொல்லித் தருவாங்க?" என்று கேட்டார். வாழ்க்கையைப் பற்றி என்றேன். "யாரோட வாழ்க்கைய?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சோறு வடிக்கப் போய்விட்டார்.

அவர் அதைக் குத்தலாகக் கேட்டார் என்றே நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு விசாரித்தபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. வரலாறு என்றால் ராஜாக்களின் வாழ்க்கை, விலங்கியல் என்றால் மிருகங்களின் வாழ்க்கை என்பதைப்போல இதுவும் ஏதோ ஒரு சாராரைப் பற்றிய படிப்பாக இருக்கும் என்று எண்ணி, அது எந்தச் சாரார் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். தத்துவவாதிகளுக்கு அன்றாட வாழ்க்கை உண்மையிலேயே புரிகிறதா என்ற பழைய கேள்வியை இதைவிடச் சரியாகக் கேட்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பழைய கேள்வி என்றால் மிகப் பழையது. பண்டைக் கிரேக்கத் தத்துவவாதியான மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ் விண்மீன்களை அண்ணாந்து பார்த்தபடியே கிணற்றில் விழுந்தார் என்றும், காலடியில் கிடப்பது தெரியாதவர் வானத்தில் இருப்பதை அறியப் புறப்பட்டாரே என்று திரேசிய நாட்டுப் பணிப்பெண் ஒருத்தி கேலி செய்தாள் என்றும் பிளேட்டோவின் 'தியாட்டீட்டஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் சொல்கிறார். இந்த அவமானத்தைத் துடைப்பதற்கென்றே பிறந்ததுபோல அரிஸ்டாட்டில் சொல்லும் இன்னொரு கதை உண்டு. வறுமையைக் காட்டித் தன்னை ஏளனம் செய்தவர்களுக்குப் பாடம் புகட்ட நினைத்த தேலீஸ், வானநூல் அறிவைக் கொண்டு அடுத்து வரும் ஒலிவ விளைச்சல் அமோகமாக இருக்கும் என்று குளிர்காலத்திலேயே கணித்து, மிலேட்டஸிலும் கியோஸிலும் இருந்த ஒலிவச் செக்குகளையெல்லாம் சிறு முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு, அறுவடை வந்து எல்லோரும் செக்குக்கு அலைந்தபோது தான் வைத்ததே வாடகை என்று விட்டுப் பணம் பார்த்தார் என்பது அந்தக் கதை. வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போது ஆசிரியர்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எனக்கு அது என்றுமே திருப்தி தந்ததில்லை. சந்தையை மடக்கத் தெரிந்தவர் என்பதற்கு அது சான்றாகலாம். பணிப்பெண் சிரித்தது பணத்தைப் பற்றியே அல்லவே.

அந்த உரையாடலில் கிணற்றுக் கதைக்கு முன்னும் பின்னும் வருவதைத்தான் நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். தத்துவவாதிக்கு அங்காடிக்குப் போகும் வழி தெரியாது என்றும், பயணத்துக்குப் படுக்கையைச் சுருட்டிக் கட்டவோ ஒரு பதார்த்தத்துக்குச் சுவை சேர்க்கவோ தெரியாவிட்டால் அதில் அவருக்கு வெட்கம் ஏதுமில்லை என்றும், அவையெல்லாம் அடிமைகளுக்கு உரிய வேலைகள் என்றும் சாக்ரடீஸ் பெருமிதத்தோடு பேசிக்கொண்டே போகிறார். ஆனால் இதே உரையாடலின் தொடக்கத்தில், தன் தாய் ஃபைனரெட்டே ஒரு மருத்துவச்சி என்றும், அவர் குழந்தைகளை வெளியே கொண்டுவருவதைப்போலத் தான் பிறர் மனத்தில் கருக்கொண்ட எண்ணங்களை வெளியே கொண்டுவருவதாகவும் சொன்னவர் அவர்தான். தன் தொழிலை விளக்க அவருக்கு வாகாகக் கிடைத்தது அம்மாவின் தொழில். அடுத்த வீட்டுச் சமையலறையைப் பற்றிப் பேச்சு வந்ததும் அது அடிமை வேலையாகிவிட்டது. உவமைக்கு மட்டும் அன்றாடம் வேண்டும் என்ற இந்தப் பழக்கத்தைத் தத்துவம் அதற்குப் பிறகு விட்டதாகத் தெரியவில்லை. நானும் இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது.

தத்துவவாதிகளுக்கு ஆதரவாகவும் சொல்வதற்கு இருக்கிறது. அன்றாடத்தைத் தங்கள் சிந்தனையால் எட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டவர்கள் அவர்களிலேயே உண்டு, அதுவும் பெரியவர்கள். சங்கரர் பிரம்ம சூத்திர உரையின் முகப்பிலேயே, கற்றறிந்தவரும் உலக வியவகாரத்தில் பசுவிலிருந்து வேறுபட்டவர் இல்லை என்கிறார். தடியை ஓங்கியபடி வருபவனைக் கண்டால் பசு விலகி ஓடும், கைநிறையப் பசும்புல் வைத்திருப்பவனைக் கண்டால் நெருங்கி வரும். சாத்திரம் படித்தவரும் அப்படியே. (அந்த வியவகாரம்தான் நம் பேச்சில் 'விவகாரம்' என்று வந்து நிற்கிறது, "அது விவகாரம் பிடிச்ச எடம்" என்று நாம் சொல்வதைச் சங்கரர் கேட்டால் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.) ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் 1739-இல் வெளியிட்ட தன் பெருநூலில், புற உலகத்தையும் 'நான்' என்பதையும் சேர்த்து ஐயப்பட்டு இருட்டில் சிக்கியபின், நண்பர்களோடு சாப்பிட்டு, பகடை உருட்டி ஆடும் பேக்கமன் விளையாடி, மூன்று நான்கு மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டுத் திரும்பினால் தன் ஆராய்ச்சிகள் தனக்கே நகைப்புக்குரியனவாகத் தெரிகின்றன என்று எழுதினார். அந்தச் சாப்பாட்டை யார் பரிமாறினார்கள் என்று அவர் எழுதவில்லை.

இன்னும் வியப்பூட்டுவது பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் எழுதிய ஒரு கடிதம். உடலும் மனமும் அடியோடு வெவ்வேறானவை என்றால் மனம் எப்படி உடலை அசைக்கிறது என்று 1643-இல் அவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், பொஹீமியாவின் அரியணையை இழந்து ஹேக் நகரில் வாழ்ந்துவந்த அரச குடும்பத்து இளவரசி எலிசபெத். அப்போது அவருக்கு வயது 24. தன் வீட்டின் காரியங்களைப் புறக்கணிக்க முடியவில்லை, தவிர்க்க முடியாத உரையாடல்களும் உபசாரங்களும் மனத்தைக் களைப்படையச் செய்துவிடுகின்றன, அதன்பின் நெடுநேரத்துக்கு எதையும் சிந்திக்க இயலவில்லை என்று ஜூன் மாதக் கடிதம் ஒன்றில் அவர் எழுதினார். தெக்கார்த்தின் பதில் அவருடைய எந்த நூலிலும் காணக்கிடைக்காத ஒன்று: தூய அறிவை மட்டும் பயன்படுத்தும் சிந்தனைக்குத் தான் ஆண்டுக்கு வெகு சில மணி நேரங்களே ஒதுக்குவதாகவும், உடலும் மனமும் ஒன்றாக இருப்பதை அன்றாட வாழ்க்கையிலும் சாதாரண உரையாடல்களிலும்தான், அதுவும் தத்துவச் சிந்தனையை நிறுத்திவைத்திருக்கும்போதுதான் அறியமுடியும் என்றும் அவர் எழுதினார். தெக்கார்த்தின் கருத்து நேர்மையானதுதான். ஆனால் எலிசபெத் சொன்னது ஓய்வான அன்றாடத்தைப் பற்றி அல்ல, களைப்பைப் பற்றி. வேலையும் கவலையும் சேர்ந்து சிந்திக்கும் திறனையே தின்றுவிடுகின்றன என்றவரிடம், சிந்திப்பதை விட்டுவிட்டுச் சற்று ஓய்வாக இருங்கள் என்று பதில் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இருபதாம் நூற்றாண்டில் 'அன்றாடத்தன்மை' என்பதையே தத்துவத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் என்று ஜெர்மானியத் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கரைச் சொல்வார்கள். 1927-இல் வெளிவந்த அவருடைய முதன்மை நூலில் வரும் சுத்தியல் புகழ்பெற்றது: ஆணி அடிப்பவர் சுத்தியலைப் பார்ப்பதே இல்லை, அது கையின் நீட்சியாக மறைந்துவிடுகிறது, உடைந்தாலோ காணாமல் போனாலோதான் ஒரு பொருளாகக் கண்முன் வந்து நிற்கிறது. இது சரிதான் என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. அம்மா பிசிறு வெட்டும் சிறு கத்தரியை வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே எந்நேரமும் வைத்திருப்பார். தலையைச் சொறிந்தாலும் அது கையிலேயே இருக்கும். கத்தரி எங்கே என்று கேட்டால் ஒரு கணம் தேடுவார். ஸ்பிரிங் தளர்ந்து அலகு விரியாமல் நின்ற நாளில்தான் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். இதுவரை ஹைடெக்கர் கூடவே வருகிறார். அதன்பின் அம்மா புதுக் கத்தரிக்காகச் சூப்பர்வைசரிடம் போய் நின்றார். அவர் போனில் பேசி முடிக்கும்வரை நின்றார். திரும்பி வந்து விட்டுப்போன பீஸ்களை எட்டிப் பிடிக்க மதியச் சாப்பாட்டில் பத்து நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார். ஹைடெக்கரின் பட்டறையில் சூப்பர்வைசர் இல்லை, கூலி இல்லை. அவர் காட்டும் மனித இருப்புக்கு ஒருபோதும் பசிப்பதில்லை என்று 1961-இல் எழுதியவர் பிரான்சின் தத்துவவாதி இம்மானுவேல் லெவினாஸ். பிரெஞ்சுப் படையில் இருந்து 1940-இல் பிடிபட்டு, ஐந்தாண்டுகள் ஜெர்மானியர்களின் கைதியாகக் காட்டுவேலை செய்தவர். பசி அவர் கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை.

இவர்கள் எல்லோரையும்விட என்னைப் பிடித்துக்கொண்டவர் சிமோன் வேய். பாரீஸின் உயர்தரக் கல்விக்கூடத்தில் தத்துவம் படித்து, பெண்கள் பள்ளியில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1934-இல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு, டிசம்பர் மாதம் அல்ஸ்தோம் மின்சாதனத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. உழைப்பாளி வர்க்கத்தை விடுவிக்கப் புறப்பட்ட பெரிய ரஷ்யப் புரட்சித் தலைவர்கள் ஒருவரும் ஒரு தொழிற்சாலைக்குள் கால் வைத்துப் பார்த்ததில்லை, ட்ராட்ஸ்கி நிச்சயமாக இல்லை, லெனினும் இல்லையென்றே நினைக்கிறேன் என்று அவர் ஒரு தோழிக்கு எழுதினார். ட்ராட்ஸ்கியைத் தன் பெற்றோரின் வீட்டிலேயே தங்கவைத்து நேருக்கு நேர் சண்டை போட்டவர் என்பதால் அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அல்ஸ்தோமுக்குப் பிறகு 1935 ஏப்ரலில் கார்னோ என்ற இன்னொரு தொழிற்சாலை. ஒரு மாதத்துக்குள் வேலை போயிற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ரெனோ கார் தொழிற்சாலையில் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் இயந்திரம். கூலியில் மட்டுமே வாழ வேண்டும் என்று தொழிற்சாலைக்கு அருகில் அறை எடுத்துக்கொண்டார். தீராத தலைவலிக்காரர், கைகளோ சிறியவை, வேலைக்குப் பழகாதவை.

இரவில் அவர் எழுதிவைத்த குறிப்புகளில் தத்துவம் குறைவு, கணக்கு அதிகம். எந்த வேலைக்கு எத்தனை பீஸ், எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எத்தனை கெட்டுப்போயின, யார் திட்டினார்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். செம்புச் சுருள்களை உலைக்குள் வைத்து எடுக்கும் வேலையில் கை சுட்டுக்கொண்டபோது, எதிரே பற்றவைத்துக்கொண்டிருந்த தொழிலாளி தன்னைப் பார்த்துச் சிரித்த வருத்தமான சிரிப்பை அவர் தனியாகக் குறித்திருக்கிறார். தோழிக்கு எழுதிய கடிதத்தில், இயந்திரத்தின் முன் நின்றால் எட்டு மணி நேரத்துக்கு ஆன்மாவையும் எண்ணத்தையும் உணர்ச்சியையும் கொன்றாக வேண்டும் என்றும், சொன்ன கணக்கை முடிக்க வேண்டுமானால் எண்ணத்தைவிட வேகமான கதியில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதால் சிந்திப்பதற்கு மட்டுமன்றிப் பகற்கனவு காண்பதற்குக்கூட இடமில்லை என்றும் எழுதினார். அடக்குமுறை கலகத்தை உண்டாக்கும் என்று எதிர்பார்த்துப் போனவர், அது சுமை மாட்டின் பணிவைத்தான் தன்னுள் உண்டாக்கியது என்று கண்டுகொண்டார்.

எனக்கு இது வெறும் படிப்பாக இருக்கவில்லை. கல்லூரி விடுமுறையில் இரண்டு மாதம் நானும் அம்மாவோடு அதே செக்கிங் மேசையில் நின்றிருக்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. திருப்பூர்க் கணக்கில் அது ஒன்றரை ஷிஃப்ட். டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரிப்பது, கறை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது, குறை இருந்தால் சிவப்பு அம்புக்குறி ஒட்டி ஒதுக்குவது, இல்லாவிட்டால் பிசிறை வெட்டித் தள்ளுவது. மூன்றாம் நாளே நான் சிமோன் வேய் எழுதியதைப் புரிந்துகொண்டேன். என் மண்டைக்குள் எதுவும் ஓடவில்லை. வகுப்பில் படித்த ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் சொன்ன எந்த வாக்கியத்தையும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை என்பதைக்கூட விடுங்கள், மாலையில் டீக்கு என்ன வாங்குவது என்று முடிவுசெய்ய முடியவில்லை. சனிக்கிழமை சம்பளக் கவரைக் கையில் வாங்கியபோது, யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததைப்போலக் கூச்சமாக இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, பகற்கனவுகூட முடியாது என்று சிமோன் வேய் எழுதிய வரியை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "கையி அதும்பாட்டுக்குப் போகும், மனசு அதும்பாட்டுக்குப் போகும். ஏலச்சீட்டுக் கணக்கெல்லாம் அங்க நின்னுதான் போட்டேன். உன்ர அத்தைகூடச் சண்ட போட்டதெல்லாம் பாதி மனசுக்குள்ளதான்" என்றார். அந்தப் பொண்ணு புதுசு, அதனால் அப்படி இருந்திருக்கும் என்பது அவர் தீர்ப்பு. நான் சற்று அதிர்ந்துபோனேன். தத்துவ உலகம் ஓர் ஆழமான கண்டுபிடிப்பாகக் கொண்டாடும் வரி, முதல் மாதத்தில் கை பழகாதவர்கள் எல்லோரும் படும் அவதியின் குறிப்பாக மட்டும் இருக்கலாம் என்ற சாத்தியத்தை எந்த வகுப்பிலும் யாரும் எழுப்பியதில்லை.

ஆனால் பேச்சு அத்தோடு முடியவில்லை. அம்மா வேலை பார்த்த பத்தொன்பது ஆண்டுகளில் கடைசி ஆறு ஆண்டுகள் ஷிஃப்ட் சம்பளம் போய், காண்ட்ராக்டில் பீஸ் ரேட் வந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்டபோது அவர் குரல் மாறியது. அதற்குமுன் மேசையைச் சுற்றி நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலை செய்தவர்கள், பீஸ் ரேட் வந்தபின் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். பேசினால் எண்ணிக்கை தப்பும், எண்ணிக்கை தப்பினால் மாலையில் நோட்டில் ஏறும் கணக்கு குறையும். "அப்பறம் ஒண்ணும் நெனப்பு வல்ல கண்ணு. நெனச்சா கை நின்னுரும்" என்றார். ஆக, சிமோன் வேய் கண்டது தப்பும் இல்லை, முழுதும் இல்லை. களைப்பையும் வேகத்தையும் புதியவரின் கூர்மையோடு அவர் பார்த்தார். கை பழகியபின் மனம் தனக்கென்று ஒரு சந்து கண்டுபிடித்துக்கொள்வதையும், கூலிக் கணக்கை மாற்றினால் அந்தச் சந்தும் அடைபடுவதையும் பார்க்க ஓராண்டு போதாது. அந்த ஓராண்டிலும் நோயால் பல வாரங்கள் வேலையை விட்டு விலகி இருக்க வேண்டி வந்தது.

திரும்பிப் போக ஒரு பள்ளிக்கூட வேலை காத்திருக்கும்போது படும் கஷ்டமும், அடுத்த தீபாவளிக்கும் அதற்கடுத்த தீபாவளிக்கும் இதே மேசைதான் என்று தெரிந்து படும் கஷ்டமும் ஒன்றாக இருக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதே நேரத்தில் அம்மாவின் பத்தொன்பது ஆண்டுகளில் எழுத்தாக மிஞ்சியிருப்பது பீஸ் எண்ணிக்கை குறித்த இரண்டு நாற்பது பக்க நோட்டுகள்தான். பெற்றோரின் வசதியும் படிப்பும் இருந்த ஒருவர், எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு இரவில் உட்கார்ந்து எழுதியிராவிட்டால், நான் அம்மாவிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டே இருக்கமாட்டேன். கேட்கத் தோன்றியிருக்காது. ஒரே வீட்டில் இருபது ஆண்டுகள் அவருக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய எனக்கு, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தும் எதுவும் கேட்கத் தோன்றியதில்லை. அன்றாடத்துக்குள் இருப்பவர்களுக்கு அது தானாகப் புரிந்துவிடுகிறது என்று தத்துவத்தைக் கேலி செய்பவர்கள் சொல்வதை என்னால் முழுதாக நம்ப முடியாததற்கு இதுதான் காரணம்.

கடைசியாக, சிமோன் வேயின் குறிப்புகளில் எனக்கு மறக்கமுடியாத ஓர் இடம். ரெனோ நாட்களில் ஒரு காலை, பல் மருத்துவரிடமிருந்து வெளியே வந்து பேருந்தில் ஏறும்போது அவருக்கு விசித்திரமான ஓர் எண்ணம் தோன்றுகிறது. அடிமையான நான், மற்ற எவரையும்போலப் பன்னிரண்டு சூ (பிரெஞ்சுச் சில்லறைக் காசு) கொடுத்து இந்தப் பேருந்தில் ஏறலாமா, எவ்வளவு பெரிய சலுகை என்று வியக்கிறார். இந்த வசதியெல்லாம் உனக்கில்லை, நடந்து போ என்று யாராவது தன்னை முரட்டுத்தனமாக இறக்கிவிட்டிருந்தால் அது மிக இயல்பாகவே தோன்றியிருக்கும் என்றும் எழுதுகிறார். சனிக்கிழமைச் சம்பளக் கவரை வாங்கியபோது என் கையில் வந்த கூச்சத்துக்கு அந்தப் பத்தியைப் படித்த அன்றுதான் பெயர் கிடைத்தது.

அதையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டவர், நான் எதிர்பார்த்த இடத்தில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்நேரத்துல கூட்டமா இருந்திருக்குமே, அந்தப் பொண்ணுக்கு உக்கார எடம் கெடச்சுதா?" என்று கேட்டார். நான் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து அந்தப் பத்தியை மறுபடியும் பார்த்தேன். ஏறியது மட்டும்தான் இருந்தது.